கசபிளாங்காவில் பிறந்த யாழ்ப்பாணத்துத் தாய்

1

போன சனிக்கிழமை ரொறொன்ரோவில், அஜின்கோர்ட்டில் ஒரு தமிழ்க் கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றேன். வள்ளியக்கா தன் தள்ளுவண்டியைக் கொண்டுவந்து என்னுடையதுக்குக் குறுக்கே நிறுத்தினார். நாங்கள் முன்பு இருந்த அடுக்குமாடியில் அவர் கீழ்வீட்டுக்காரி. செய்தி சேகரிப்பதற்கு அவருக்குச் சம்பளம் கொடுக்க ஒருவரும் முன்வராதது இந்த நாட்டுப் பத்திரிகைகளின் துரதிர்ஷ்டம்.

“உந்த ரீவி நாடகத்தில தாயா வாற பொம்பிளை எந்த ஊர்?” என்று கேட்டார்.

“ஆர், நஜாத்தோ?”

“பேரை விடும். ஊரைச் சொல்லும். நான் மூக்கைப் பாத்த உடனயே சொல்லிப்போட்டன், தீவுப்பகுதி ஆள் எண்டு. எங்கட மனிசன் பருத்தித்துறை எண்டு நிக்கிறார்.”

“கசபிளாங்கா, அக்கா.”

வள்ளியக்கா கொஞ்சம் யோசித்தார். “அது மொன்றியலுக்குப் பக்கமோ?”

“மொறொக்கோவில. ஆபிரிக்காவின்ர வடக்குப் பக்கம். ஆள் வளர்ந்தது பிரான்சில, பரிஸில.”

“பரிஸிலயோ. அப்ப எங்கட ஆக்களோட பழகியிருப்பா. அதுதான் அந்தக் களை.” அவருக்கு நிம்மதி. தள்ளுவண்டியும் நகர்ந்தது.

இந்தக் குறிப்புகளை ஊரிலிருந்து படிக்கிற சிலரும் இதே கேள்வியை எழுதிக் கேட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட இங்கே எழுதிவிடுவது சுகம். நஜாத் என்பது அவளுடைய உண்மையான பெயர் அல்ல. மற்றதெல்லாம் நடந்தது.

2

நான் மொழிபெயர்ப்பாளர். ஆஸ்பத்திரி, அகதி விசாரணை, பாடசாலை, பல் வைத்தியர் என்று எங்கே ஒரு தமிழர் முழித்துக்கொண்டு நிற்கிறாரோ அங்கே எனக்கு வேலை கிடைக்கும். இந்தத் தொழிலில் மற்றவர் சொல்வதை ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். “என் கணவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்” என்று காலையில் சொல்வேன். “எனக்கு மூலவியாதி” என்று பின்னேரம் சொல்வேன். ஆகவே நடிப்புத் தொழில் எனக்கு அவ்வளவு தூரம் இல்லை.

மகள் அபி ரொறொன்ரோவில் பிறந்தவள். மருந்தாளர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, படப்பிடிப்பு வீடுகளுக்குத் தட்டுமுட்டுச் சாமான் சேர்த்துக் கொடுக்கிற வேலைக்குப் போனாள். சொந்தக்காரர் கேட்டால் ‘டிசைன்’ என்று சொல்லிவைத்திருக்கிறேன். அது என்னவென்று கேட்கிற துணிவு ஒருவருக்கும் இல்லை. ஸ்காபரோவில் வாழும் ஓர் ஈழத்து அகதிக் குடும்பத்தைப் பற்றித் தொலைக்காட்சித் தொடர் ஒன்று எடுக்கிறார்கள், தாயாக நடிப்பவருக்குத் தமிழ் வசனம் சொல்லிக்கொடுக்க ஆள் தேவை என்று அவள்தான் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். எனக்குக் கலாசார ஆலோசகர் என்று ஒரு பட்டமும் தந்தார்கள். எல்லாம் முடிவான பிறகு அபிப்பிராயம் கேட்கப்படுகிறவருக்கு இங்கே அப்படித்தான் பெயர்.

தாயாக நடிக்கப்போவது மொறொக்கோவில் பிறந்த ஒரு பிரெஞ்சு நடிகை என்ற செய்தி வந்ததும் எங்கள் சமூகம் கொதித்தது. எங்கட கதைக்கு எங்கட ஆள் இல்லையோ என்று முகநூலில் எழுதினார்கள். நியாயமான கேள்விதான், எனக்கும் அது இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் கடை கடையாக விளம்பரம் ஒட்டி எங்கள் பெண்களைக் கூப்பிட்டதையும் நான் அறிவேன். வந்தவர்களில் ஒருவர் இயக்குநருக்கு மிக்சர் கொண்டுவந்தார். இன்னொருவர் அழுகிற காட்சி மட்டும் வேண்டாம், வீட்டுக்குக் கூடாது என்றார். அருமையாக நடித்த ஒருத்தி மறுநாளே விலகிக்கொண்டாள். மாமி வீட்டில் விருப்பமில்லையாம். அந்த மாமியும் பிறகு முகநூலில் கொதித்தவர்களில் ஒருவர்.

3

நஜாத்துக்கு ஐம்பது வயதுக்குச் சற்று மேல். வெக்ஸ்போர்ட்டில் என் வீட்டுக்குக் கிட்ட ஒரு வாடகை வீட்டில் அவளைத் தங்கவைத்திருந்தார்கள். காலையில் நான்தான் காரில் ஏற்றிக்கொண்டு போவேன். போகும் வழியெல்லாம் வசனப் பயிற்சி. அது அலுத்தால் அவளுடைய சரித்திரம். இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். இருவருக்கும் அது இரவல் என்பதால் ஒருவர் பிழையை மற்றவர் திருத்துவதில்லை.

கசபிளாங்காவில் பிறந்து, பள்ளிக்கூடம் போகிற வயதில் பரிஸுக்கு வெளியே ஒரு தொழிற்சாலை நகரத்துக்கு வந்தவள். தகப்பனுக்குக் கார்த் தொழிற்சாலையில் வேலை. பாடசாலை நாடகத்தில் ஒருமுறை இளவரசியாக நடித்தாள். அதுதான் அவளுடைய கடைசி இளவரசி வேடம்.

தொலைக்காட்சியில் கிடைத்த முதல் வேடம் பிணம். மகள் ரீவியில் வருகிறாள் என்று தாய் அக்கம்பக்கத்துச் சனத்தையெல்லாம் கூப்பிட்டு, பாதாம் பலகாரம் செய்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து இருத்திவைத்திருக்கிறார். மகள் கால்வாயில் குப்புற மிதந்து வந்திருக்கிறாள். தாய் எழும்பிப்போய் ரீவியை நிறுத்திவிட்டார். அன்றைக்குப் பிறகு அவளுடைய எந்தப் படத்தையும் அவர் பார்த்ததில்லை. தகப்பன் காலமான பின் கசபிளாங்காவுக்கே திரும்பிப்போய், மகள் ஒரு கந்தோரில் வேலை செய்வதாக இன்றைக்கும் அங்கே சொல்லிக்கொண்டிருக்கிறாராம். இதைக் கேட்டபோது எனக்கு என் ‘டிசைன்’ ஞாபகத்துக்கு வந்தது.

பிணத்துக்குப் பிறகு ஏறுமுகம். துப்புரவுப் பெண்ணாக வந்தாள். பிறகு சந்தேகநபரின் தங்கை. வயது ஏறியதும் சந்தேகநபரின் மனைவி. இன்னும் ஏறியதும் சந்தேகநபரின் தாய். “சந்தேகநபருக்கு மட்டும் எப்போதும் இருபத்தைந்து வயது” என்பாள். ஒரேயொருமுறை நீதிபதி வேடம் கிடைத்ததாம். கமெரா பின்னாலிருந்து எடுத்ததில் அவளுடைய அங்கி நன்றாக விழுந்திருந்தது.

மொறொக்கோவில் ஒரு படத்துக்குக் கதாநாயகியாகக் கூப்பிட்டார்கள். அங்கே அவள் ‘பிரான்சிலிருந்து வந்த நடிகை’. அவளுடைய அரபு மொழியில் பரிஸ் வாடை அடிக்கிறது என்று வேறொருத்தியைக் கொண்டு குரல் கொடுப்பித்தார்கள். “என் தாய்நாட்டில் என் தாய்மொழியில் என்னை ஊமையாக்கினார்கள். சிறந்த நடிப்புக்கு விருதும் கொடுத்தார்கள்” என்றாள். விருதோடு பரிஸுக்குத் திரும்பியபோது அங்கத்தைய பத்திரிகைகள் ‘எங்கள் நடிகை’ என்று எழுதின. விமான நிலையத்தில் மட்டும் பழையபடி தனி வரிசைதான்.

ரொறொன்ரோவில் இறங்கியபோதும் அதிகாரி தனியாகக் கூப்பிட்டு, வந்த நோக்கம் என்ன என்று விசாரித்தாராம். ஒரு தமிழ்த் தாயாக நடிக்க என்றிருக்கிறாள்.

“நீங்கள் தமிழரா?”

“இன்னும் இல்லை.”

அதற்காக இன்னும் ஒரு மணித்தியாலம் இருத்திவைத்தார்களாம்.

ஆனால் உழைப்பாளி. வசனத்தைக் கேட்டுக் கேட்டே பாடமாக்கினாள். கணவனைக் கூப்பிடுகிற ‘இஞ்சேருங்கோ’ அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. இயக்குநரையும் அப்படியே கூப்பிடத் தொடங்கினாள். ஏதோ மரியாதைச் சொல் என்று அவரும் மகிழ்ந்துபோனார். நான் விளக்கப்போகவில்லை.

முப்பது வருடத்தில் இதுதான் அவளுக்கு வெள்ளைக்காரத் தேசமொன்றில் கிடைத்த முதல் முதன்மை வேடம். அவளுடைய முகத்தை முன்னாலிருந்து எடுக்கப்போகிறார்கள். அதை அவள் என்னிடம் இரண்டு மூன்று தரம் சொன்னாள்.

4

ஸ்காபரோ வீடு ஒன்றை ஸ்காபரோவில் ஒரு பழைய களஞ்சியத்துக்குள் கட்டியிருந்தார்கள். வெளியே தெருத்தெருவாக அசல் வீடுகள் நிற்கின்றன. அவற்றில் தமிழ்த்தன்மை போதாது என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. உள்ளே பித்தளை யானை, ஆளுயர நடராசர், மயிலிறகு, ஊதுபத்திப் புகை. சோறு அவிக்கிற மெஷின் இல்லை. குசினித் தொட்டிக்குக் கீழே வேறு பைகளால் நிரம்பிய ஒரு பை இல்லை. இந்த இரண்டும் இல்லாத வீட்டில் தமிழர் குடியிருக்க மாட்டார்கள் என்று அறிக்கை கொடுத்தேன். சோறு மெஷின் வந்தது. பை வரவில்லை.

கதையில் தாயின் மூத்த மகன் போரின் முடிவில் காணாமல் போனவன். அவனுடைய படம் ஒன்று சுவரில் தொங்க வேண்டும். அபியின் பிரிவு அதற்கு மொடல் பொடியன் ஒருவனைப் பிடித்திருந்தது. புருவத்தை வழித்துக் கோடு போட்டவன். இந்தப் புருவத்தோடு வன்னியில் எந்தப் பொடியனும் நிற்கவில்லை என்றேன். அப்படியானால் உங்களிடம் பழைய படம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

என்னிடம் ஒரு படம்தான் இருந்தது. என் தம்பி குகனுடையது. யாழ்ப்பாணத்தில் ஸ்ரூடியோவில் அடையாள அட்டைக்காக எடுத்தது. தலையைப் படிய இழுத்து, மேல் பொத்தானைப் பூட்டி, சிரிப்பை அடக்கிக்கொண்டு இருப்பான். போரின் கடைசி மாதங்களில் சனத்தோடு சனமாக நடந்து வந்தவனைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். பிறகு கண்டவர்கள் இல்லை.

இதை ஊரில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இருந்தாலும் சொல்கிறேன். ஊரில், அம்மா இருக்கிற எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு சுவர் இறந்தவர்களுக்கு. அப்பாவின் படம் அங்கே மாலையும் சிவப்பு மின்குமிழுமாக இருக்கிறது. எதிர்ச்சுவர் உயிரோடிருக்கிறவர்களுக்கு. என் கல்யாணப் படம், அபியின் பட்டமளிப்புப் படம் (பள்ளிக்கூடத்தினது, வேறு இல்லை), நாட்காட்டி, குகன். அம்மா வெள்ளிக்கிழமைகளில் அவன் படத்தைத் துடைப்பார். பூ கிட்டப் போகாது. சொந்தக்காரி ஒருத்தி அந்தப் பக்கம் ஒரு பூச்சாடியை வைத்ததற்கு, அம்மா அவளோடு ஒரு வருடம் பேசவில்லை. மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவித்தொகை கிடைக்கும் என்று விளக்க வந்த உத்தியோகத்தருக்குத் தேத்தண்ணி கொடுத்து, படலை வரை கூட்டிக்கொண்டு போய்விட்டார். கனடாவும் லேசுப்பட்டதல்ல. நான் நிரப்பிய குடிவரவுப் படிவங்களில் சகோதரர் உயிரோடு இருந்தால் விலாசம் எழுது, இல்லையென்றால் இறந்த திகதி எழுது என்றுதான் இருக்கும். இரண்டையும் விட்டு அனுப்பினால் ‘முழுமையற்றது’ என்று திரும்பி வரும்.

ஆகவே நான் குகனின் படத்தைக் கொடுத்தேன். யோசிக்காமல் கொடுக்கவில்லை, ஆசையோடு கொடுத்தேன். பல நாடுகளில் ஓடப்போகிற தொடர். எங்காவது ஒரு முகாமில், ஒரு கப்பலில், ஒரு கடையின் பின்னறையில் யாராவது பார்த்து, இந்த ஆளை எனக்குத் தெரியுமே என்று சொல்ல மாட்டார்களா என்று நினைத்தேன். மொழிபெயர்ப்பாளராக எத்தனையோ பேருடைய இப்படியான நம்பிக்கைகளை ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறேன். எனக்கென்று ஒன்று இருக்கக்கூடாதா. அனுமதிப் பத்திரத்தில் அந்தப் படத்தைப் பிரபஞ்சம் முழுவதிலும் காட்டுவதற்குச் சம்மதம் என்று இருந்தது. பகடி இல்லை, அப்படித்தான் எழுதியிருந்தது. பிரபஞ்சம் நல்ல பெரிய இடம்தானே என்று கையெழுத்து வைத்தேன்.

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, “வடிவாத் தெரியிற இடத்தில கொழுவச் சொல்லு” என்றார்.

5

கடைசிப் பகுதியின் வசனப் பிரதி, எல்லாவற்றையும் எடுத்து முடிக்கிற கட்டத்தில்தான் கைக்கு வந்தது. அதில் தாய் மனதைத் தேற்றிக்கொண்டு, மகனின் படத்துக்கு மாலை போடுகிறாள். முற்றும்.

முந்திய பகுதிகள் எல்லாவற்றிலும் குகன் சுவரில் இருக்கிறான். இனிப் படத்தை மாற்ற ஏலாது. அம்மா ஒரு பகுதியையும் விடப்போவதில்லை. மாலை விழுந்த தன் பிள்ளையின் படத்தை எண்பத்து மூன்று வயதில் அவர் பார்க்கப்போகிறார். அதுவும் நான் கொண்டுபோய்க் கொடுத்த படம்.

இயக்குநர் நல்ல மனிதர், அதுதான் கரைச்சல். கெட்டவர் என்றால் சண்டை பிடிக்கலாம். இவர் தலையைச் சரித்து, கையை நெஞ்சில் வைத்து, கண் கலங்கக் கேட்டார். காணாமல் போனவர்களின் தாய்மார் மாலை போட மாட்டார்கள், போட்டால் பிள்ளையைத் தானே கொன்ற மாதிரி என்று சொன்னேன். எவ்வளவு ஆழமான விஷயம் என்றார். அதனால்தான் இந்தக் காட்சி இவ்வளவு பலமாக இருக்கிறது என்றார். பார்வையாளர்களுக்கு ஒரு முடிவு வேண்டுமாம். எங்களுக்கே கிடைக்காததை அவர்களுக்கு எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை, ஆலோசகர்தானே.

அபியிடம் போனேன். அவள் அஜின்கோர்ட்டில் வாங்கிய பிளாஸ்ரிக் மாலையைப் புதுசாகத் தெரியக்கூடாது என்று தேயிலைச் சாயத்தில் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இற்ஸ் ஜஸ்ட் எ ப்ரொப். வெறும் செற் சாமான்.”

“அது உன்ர மாமா.”

“ஐ நோ. பட் அவரை நான் கண்டதே இல்லையே அம்மா. வட் டூ யூ வோண்ட் மீ டு டூ?”

அவள் சொன்னதில் பிழை இல்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. காருக்குள் போய் இருந்தேன்.

மறுநாள் காலை நஜாத் காரில் ஏறியதும், ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். அந்தப் படத்தில் இருப்பவன் என் தம்பி என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். மாலை போடாதே என்று நான் அவளைக் கேட்கவில்லை. முடியாது என்று அவள் சொன்னால் சண்டைக்காரி என்ற பெயர் பரிஸ் வரைக்கும் போய்ச் சேரும். முப்பது வருடத்துக்குப் பிறகு கிடைத்த முன்பக்க முகம் அது.

களஞ்சிய வாசலில் இறங்கும்போதுதான் கேட்டாள். “மாலை போடும்போது கமெரா எங்கே நிற்கப்போகிறது, உனக்குத் தெரியுமா?”

6

கமெரா வாசல் பக்கம் நின்றது. நஜாத் பருத்திச் சேலையும் கொண்டையுமாகச் சுவரை நோக்கி நடந்தாள். சொல்லிக்கொடுத்தபடியே நின்றாள், அழுதாள், மாலையைத் தூக்கினாள். மாலை படத்தில் விழுகிற நேரத்தில் அவளுடைய கொண்டை படத்தை மறைத்தது.

கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நிற்கச் சொன்னார் இயக்குநர். இடப்பக்கம் தள்ளி நின்று இன்னும் நன்றாக அழுதாள். இந்தமுறை முழங்கை மறைத்தது. கமெராவைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோனார்கள். துக்கம் தாங்காமல் அவளும் அந்தப் பக்கமாகவே சாய்ந்தாள். “மன்னியுங்கள், இஞ்சேருங்கோ, உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன்” என்றாள். அழுகையில் ஒரு குறையும் இல்லை. ஒளிப்பதிவாளர்கூட மூக்கை உறிஞ்சினார். ஆனால் எத்தனை தரம் எடுத்தாலும், மாலையும் குகனின் முகமும் ஒன்றாக ஒரு தரமும் கமெராவில் விழவில்லை.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. முப்பது வருடமாகப் பிறருடைய தோள்களுக்குப் பின்னால் நிறுத்தப்பட்டவள் அவள். தோள் எங்கே நின்றால் பின்னாலிருக்கும் முகம் காணாமல் போகும் என்பதை அவளுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆனால் அதைச் செய்வதற்கு அவள் கமெராவுக்கு முதுகைக் காட்ட வேண்டியிருந்தது. முன்னாலிருந்து எடுக்கிறார்கள் என்று என்னிடம் ஆசையாகச் சொன்ன முகம், தொடரின் கடைசிக் காட்சியில் இல்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் செய்தாள். நான் ஒரு மூலையில் நின்று சத்தம் வராமல் அழுதேன். எங்கள் பெண்கள் கதைத்துக் கதைத்துத்தான் அழுவார்கள் என்று நானே அவளுக்குப் பாடம் எடுத்திருந்தேன்.

சாப்பாட்டு நேரம் தாண்டினால் மேலதிகச் சம்பளம் என்று உதவியாளர் வந்து காதுக்குள் சொன்னார். இயக்குநர் திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு, இதுதான் சரி, முதுகு மட்டும்தான், எவ்வளவு அழகு என்றார். அண்மையில் ஒரு பேட்டியில், துயரத்தின் முகத்தைக் காட்டக்கூடாது என்பது தொடக்கத்திலிருந்தே தன் முடிவு என்று சொல்லியிருக்கிறார்.

விளக்குகளை அணைத்ததும் எல்லோரும் சாப்பாட்டுக்கு ஓடினார்கள். அபி ஓடவில்லை. சுவரடிக்குப் போய் மாலையைக் கழற்றினாள். கண்ணாடியில் மாலை முட்டிய இடத்தைச் சட்டைக் கையால் துடைத்தாள்.

நஜாத்துக்கு விருது ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் தொடர் வெளியானதும் நிறைய வாய்ப்புகள் வந்தனவாம். ஒரு பாகிஸ்தான் தாய், ஒரு சிரியத் தாய், பரிஸில் மீண்டும் ஒரு சந்தேகநபரின் தாய். “என் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள்” என்று எழுதியிருந்தாள். கசபிளாங்காவில் அவளுடைய தாய் இன்னமும் பார்க்கவில்லை.

7

கடைசிப் பகுதி ஒளிபரப்பான மறுநாள் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். என்ன கேட்பார், என்ன சொல்ல வேண்டும் என்று எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தேன். அது யாருக்குப் போட்ட மாலையோ தெரியாது அம்மா, படத்தைக் காட்டவில்லையே என்று சொல்வதாகத் திட்டம். பொய்யை மெய்போலச் சொல்லுகிற பயிற்சி எனக்குத் தொழிலிலேயே உண்டு.

“பாத்தனியளோ அம்மா?”

“பாத்தன். தம்பி முதல் பகுதியில நல்ல வடிவாத் தெரிஞ்சவன். சட்டை கொஞ்சம் மங்கிப்போச்சு.”

“கடைசிப் பகுதியும் பாத்தனியளோ?”

“ஓம்.”

அந்தப் பக்கம் ரீவியோ அயல் வீட்டு வானொலியோ மெல்லப் பாடிக்கொண்டிருந்தது.

“அம்மா, அதில அந்த மாலை...”

“எனக்குத் தெரியும், பிள்ளை. உதுக்கு ஏன் நடுங்கிறாய்? மறைச்சு மறைச்சு நிண்டாலும் அவள் போட்டது பிள்ளைக்குத்தான்.” அம்மாவின் குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. “பாவம், தனிய இருந்து களைச்சுப்போனாள் போல. நீ அவளைக் கண்டா நான் சொன்னனெண்டு சொல்லு.”

“என்னெண்டு அம்மா?”

“அவசரப்பட்டிட்டாளெண்டு.”